பத்து நாற்பத்திரண்டுக்கு ஒரு வெள்ளை உருண்டை

மூன்றாவது அடியில் பூட்டு வளைந்தது. உடையவில்லை.

“சீக்கிரம்ணே,” என்றாள் அன்புக்கரசி, மாடிப்படி வாசலில் நின்றபடி. “வரதன் சாரு டீக்கடைய வுட்டு எந்திரிச்சிட்டாரு.”

மஜீது உள்ளங்கை வியர்வையைச் சட்டையில் துடைத்தார். தார்ப்பாய்க்கு வளையம் அடிக்கிற உளியைத் தன் கடையிலிருந்தே கொண்டுவந்திருந்தார். அதைக் கொக்கியின் மேல் நிறுத்தி, ஓங்கி ஒரே போடு. கொக்கி தெறித்துச் சுவரில் பட்டு விழுந்தது.

பச்சை பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி. ராயபுரம் புறாச் சங்கத்தின் மொத்தச் சொத்து. உள்ளே சுழற்கோப்பை, ரப்பர் ஸ்டாம்ப், போன ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தின் பதினோரு நோட்டுகள். ஒவ்வொன்றும் துணியில் சுற்றி, நூல் கட்டி, அரக்கு வைத்தது. முடிவு அறிவிக்கும்வரை அவற்றை யாரும் தொடக்கூடாது; தொட்டவன் சங்கத்தை விட்டு வெளியே. அந்த விதியை எழுதிக் கொடுத்தவரே மஜீதுதான்.

ஏழாம் நம்பர் நோட்டு. புறா வளர்ப்பவர்: ஜெயவேல், திருவொற்றியூர். ரெஃப்ரீ: மஜீது.

எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரில் வரதன். சங்கத்தின் செயலாளர். கையில் டீ கிளாஸைக்கூட மறந்துபோய்க் கொண்டுவந்திருந்தார்.

“இன்னா மஜீது பண்ணிகினு கீற?”

“பாத்தா தெரியல? பெட்டிய ஒடச்சிகினு கீறேன்.”

“பத்தொம்பது வருசம் ரெஃப்ரீயா குந்தினவன்யா நீ. வேற எவனாவது ஒடச்சிருந்தா நீயே அவன் கைய ஒடச்சிருப்ப.”

“மூணு நாளா ஜெயவேலு உள்ள கீறான், வரதா. அவன் பண்ண தப்பு இன்னா? புறாவுக்குக் கொடி ஆட்டினான். அத சொல்றதுக்கு இந்த நோட்ட வுட்டா வேற சாட்சி கிடையாது.”

“அதான் வோணான்றேன். டிவில இன்னா சொல்றான்? வெளிநாட்டுக்காரன் வுட்ட உளவு பலூன்றான். இந்த நோட்டு ஸ்டேஷனுக்குப் போச்சுன்னா அப்பால சங்கம் போவும். நம்ம புறா கால்ல கீற வளையத்தப் பாத்துட்டு அதுல ஏதோ ரகசியம் கீதுன்னுவான். அல்லாரையும் மாட்டி வுட்றாத.”

“வழி வுடு.”

“படி எறங்கினா உன் பேர அடிச்சிடுவேன் மஜீது. சத்தியமா.”

“நல்லா அழுத்தி அடி. பேனா எழுதலன்னா சொல்லு, என்னுது தரேன்.”

வரதன் விலகவில்லை. மஜீது அவரைத் தோளால் இடித்துக்கொண்டு இறங்கினார். டீ சிந்தியது. பின்னாலேயே அன்புக்கரசி.

*

கர்ணப் புறாப் பந்தயத்தை வானத்தில் நடக்கிற உண்ணாவிரதம் என்று சொல்லலாம். காலை ஆறு மணிக்குப் பறவையை விட்டால், எந்த வீட்டுப் பறவை அதிக நேரம் இறங்காமல் மேலேயே நிற்கிறதோ அந்த வீட்டுக்குக் கோப்பை. எட்டு மணி நேரம், பத்து மணி நேரம். சோறு தண்ணி கிடையாது.

ஒவ்வொரு வீட்டு மொட்டைமாடியிலும் வேறு பேட்டையிலிருந்து ஒரு ரெஃப்ரீ. அவர் தன் செல்போனை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் பாயில் மல்லாந்து படுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது பறவை அவர் கண்ணில் பட வேண்டும். படவில்லையா, ஆட்டம் முடிந்தது. பறவை மட்டும் அல்ல. குறுக்கே வருகிற பைரிக் கழுகு, பட்டம், ஏரோபிளேன் எதுவானாலும் நேரம் போட்டு, திசை போட்டு எழுதிவிட வேண்டும். பின்னால் சண்டை வந்தால் பேசப்போவது அந்த நோட்டுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயவேலின் மாடியில் மஜீது அப்படித்தான் படுத்திருந்தார். பத்து நாற்பத்திரண்டுக்கு எண்ணூர்ப் புகைபோக்கிகளுக்கு மேலே அதைப் பார்த்தார். வெள்ளையாக ஓர் உருண்டை. கீழே டிபன் கேரியர் போல எதுவோ தொங்கியது. “மாமு, அது இன்னா?” என்று கேட்டான் ஜெயவேல். “எதுவா இருந்தா இன்னா, உன் பறவ அதப் பாத்து மெரளாம இருந்தா சரி,” என்றார் மஜீது. எழுதினார். மூன்று மணி நேரம் அது நகர்ந்ததும் தெரியாமல் நின்றதும் தெரியாமல் இருந்துவிட்டு, இரண்டு மணிக்குள் கடல் பக்கம் போய் மறைந்தது.

சாயங்காலத்துக்குள் வடசென்னையில் ஒரு செல்போன் பாக்கியில்லை. திங்கட்கிழமை டிவிக்கு வந்தது. கீழே துறைமுகம், அனல்மின் நிலையம், எண்ணெய்க் கம்பெனி; மேலே அது. நான்கு பேர் உட்கார்ந்து கத்தினார்கள். எந்த நாடு என்பதில் மட்டும்தான் சண்டை. உளவு என்பதில் நான்கு பேருக்கும் ஒரே கருத்து. வானிலைப் பலூனாக இருக்கலாமே என்று சொன்ன ஐந்தாவது ஆளை விளம்பர இடைவேளைக்குப் பிறகு காணவில்லை. ‘ஆராய்ந்து வருகிறோம்’ என்று அரசாங்கம் ஒரு வரி சொன்னது. அந்த ஒரு வரியே போதுமாக இருந்தது, ஊர் தூக்கத்தைத் தொலைக்க.

செவ்வாய்க்கிழமை வந்தது அந்த வீடியோ. ஒன்பது நொடி. எதிர்ப்புறத்து அடுக்குமாடியிலிருந்து யாரோ எடுத்தது. கைலி கட்டிய ஓர் ஆள் நீளமான மூங்கிலில் வெள்ளைத் துணியைக் கட்டி வானத்தைப் பார்த்து ஆட்டுகிறான். மேலே பலூன். சிவப்பு வட்டம். ‘சிக்னல் கொடுக்கும் இந்த மர்ம மனிதன் யார்?’

பறவை தாழ்ந்து வந்தால் கொடி ஆட்டித்தான் மேலே ஏற்றுவார்கள். வியாசர்பாடியிலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் செல்போன் கேமராவில் புறா விழாது. பலூன் விழும். அவ்வளவுதான் விஷயம்.

புதன்கிழமை காலையில் ஜெயவேலைப் போலீஸ் இட்டுக்கொண்டு போனது.

கைப்பிடிச் சுவருக்குக் கீழே பாயில் படுத்திருந்த மஜீது வீடியோவில் இல்லை. தலைமுடிகூடத் தெரியவில்லை. சங்கத்துக்காரர்களை விட்டால், அங்கே இரண்டாவதாக ஓர் ஆள் இருந்தது மூன்று பேருக்குத்தான் தெரியும். மஜீது, ஜெயவேல், மாடிக்கு மோர் கொண்டுவந்த அவன் பெண்டாட்டி அன்புக்கரசி.

அவள்தான் இன்று காலை டோல்கேட்டில் அவர் கடைவாசலில் வந்து நின்றாள். தலை வாரியிருக்கவில்லை. “அண்ணே, உன் நோட்டு ஒண்ணுதான் அவர காப்பாத்தும்,” என்றாள். மஜீது தைத்துக்கொண்டிருந்த தார்ப்பாயை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்.

எழுந்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் இறுதிப் போட்டியில் ஜெயவேலின் பறவை அறுபத்து நான்கு நிமிடம் கண்ணில் படவில்லை. அறுபத்து நான்கு என்றே எழுதினார் மஜீது. கையில் இருந்த கோப்பை போனது. தெருவே மாடிக்கு ஏறி வந்துவிட்டது அடிக்க. ஜெயவேல்தான் குறுக்கே நின்றான். “எங்க மாமு எழுதினா எழுதினதுதான். எவனாவது கைய வெச்சீங்க, பேஜாராயிடும்,” என்று தன் வண்டியிலேயே உட்காரவைத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டான். மகள் ஹஃப்சாவின் நிக்காஹ் அன்று மண்டப வாசலில் பன்னீர் தெளித்து நின்றவனும் அவன்தான். மஜீதுக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது.

*

“ஆதார் கார்டு எங்க வெச்ச?”

பதுருன்னிசா அடுப்பை அணைத்தாள். புருஷனைப் பார்த்தாள். வாசலில் செருப்புகூடக் கழற்றாமல் நிற்கிற அன்புக்கரசியைப் பார்த்தாள். அவர் இடுப்பில் துருத்திக்கொண்டிருந்த நோட்டைப் பார்த்தாள். கேட்க ஒன்றும் பாக்கியில்லை.

“உள்ள வாங்க,” என்று புருஷனை மட்டும் அறைக்குள் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள்.

“உங்க மூஞ்சி அந்த வீடியோல கீதா?”

“இல்ல.”

“உங்க பேரு எங்கியாவது வந்துச்சா?”

“இல்ல. அதுக்கின்னா இப்போ?”

“அப்போ நீங்களா போயி, ‘நானும் அங்க இருந்தேன், இந்தாங்க நோட்டு’ன்னு நீட்டப் போறீங்க.”

“ஜெயவேலு உள்ள கீறான் பதுரு. நாளைக்கி அவன் ஹார்பர் பாஸ புடுங்கிட்டான்னா கிரேன் பக்கம் போவ முடியாது. குடும்பம் நடுத்தெரு.”

“ஜெயவேலு அண்ணன் நல்ல மனுசன். இல்லன்னு சொல்லல.” பதுருன்னிசா குரலைத் தாழ்த்தினாள். “அவுரு உள்ள போனா ஒரு வக்கீலு போதும். நீங்க உள்ள போனீங்கன்னா? டிவிக்காரன் நம்ம தெரு முனையில வண்டிய நிறுத்திட்டு, பள்ளிவாசல்லேர்ந்து ஆரம்பிப்பான். உங்க பேரு மஜீதுங்க. அத மறந்துட்டுப் பேசறீங்க.”

“எழுதினத காட்டப் போறேன். திருடினத இல்ல.”

“எழுதினதுதான் பயமா கீது.”

“இதே நானு உள்ள இருந்தா அவன் வந்திருக்க மாட்டான்றியா?”

பதுருன்னிசா பீரோவைத் திறந்து ஆதார் கார்டை எடுத்தாள். கொடுக்காமல் சிறிது நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு கொடுத்தாள். “ஜும்மா தொழுகைக்காவது இருந்துட்டுப் போங்க.”

“ஜும்மாவுக்குள்ள அவன இட்டுகினு வந்துடுவேன்.”

வாசலில் அன்புக்கரசிக்குத் தண்ணீர் கொடுத்தாள் பதுருன்னிசா. “பயப்படாத அன்பு. இவுரு புடிச்சா புடிச்சதுதான். வெளிய கொண்டாந்துடுவாரு.”

அன்புக்கரசி சொம்பை வாங்கினாள். குடிக்கவில்லை. அதற்குள் ஒரே அழுகை. பதுருன்னிசா அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

*

டோல்கேட்டில் ஷேர் ஆட்டோ ஏறினார்கள். உள்ளே ஏற்கெனவே ஐந்து பேர். டிரைவர் வண்டியை எடுப்பதற்கு முன்பே பலூனை எடுத்துவிட்டான்.

“அதுல கேமரா கீதாம் பாஸு. நம்ம சட்ட பட்டனுகூட எண்ணலாமாம்.”

“கேமரா இன்னாடா கேமரா,” என்றார் சாப்பாட்டுப் பை வைத்திருந்த தொழிற்சாலைக்காரர். “காத்துல ஏதோ தூவிட்டுப் போச்சாம். எங்க ஷிஃப்ட்ல ரெண்டு பேருக்கு கண்ணு எரியுது.”

“எண்ணூர்ல என்னிக்கிடா உனுக்குக் கண்ணு எரியல?” என்றாள் மீன் கூடைக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். “மேலேர்ந்து பாத்தா இன்னா தெரியும்? எங்க வூட்டு ஓட்ட ஓடு தெரியும். ஒரு ஃபோட்டோ புடிச்சிக் குடுத்தானா புண்ணியமா போவும், கவுன்சிலராண்ட காட்டுவேன்.”

“நீ சிரிக்கிற யக்கா,” என்றார் தொழிற்சாலைக்காரர். “அந்தக் கொடி ஆட்டினவன் கீறானே, அவன் சும்மா கூலி. பின்னால ஒரு மூள கீது. இன்னும் மாட்டல. எழுதி வெச்சிக்கோ.”

மஜீதின் கை இடுப்பு நோட்டுக்குப் போனது. அன்புக்கரசி அவர் கையைப் பார்த்தாள்.

“அது புறா ஏத்தற கொடி, நைனா,” என்றார் மஜீது. சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தொழிற்சாலைக்காரர் முழுசாகத் திரும்பினார். “உனுக்கு எப்படித் தெரியும் பாய்?”

“தண்டையார்பேட்டையில பொறந்தவனுக்குத் தெரியாதா?”

“நானும்தான் பொறந்தேன். எனக்குத் தெரியலியே. பலூனுக்கு நேரா எதுக்குப் புறா ஏத்தணும்?”

“பறவ போற எடத்துக்குப் பலூன் வந்துச்சு. பலூன் போற எடத்துக்குப் பறவ போவல.”

“கூடவே இருந்து பாத்தா மாரி சொல்றியே!”

டிரைவர் கண்ணாடியில் மஜீதைப் பார்த்தான். மீன்காரி கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் எதற்காக அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

“எறங்கிக்கிறோம், நிறுத்துங்க,” என்றாள் அன்புக்கரசி.

இறங்க வேண்டிய இடத்துக்கு இன்னும் இரண்டு ஸ்டாப் இருந்தது. வெயிலில் நடந்தார்கள். டிரெய்லர் லாரிகள் வரிசையாக நின்ற ரோடு. அவற்றில் நான்கைந்தின் மேல் மஜீது தைத்த தார்ப்பாய்தான் கிடந்தது. தையலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்.

“அண்ணே,” என்றாள். “ஒரு டீ சாப்ட்டுப் போலாம்.”

“அப்பால ஜெயவேலோட சாப்ட்லாம்.”

“அண்ணே, வூட்டுல அண்ணி சொன்னது... கதவு சாத்தியிருந்தாலும் காதுல விழுந்துச்சு.”

“அவ கெடக்கறா. பொம்பள, பயப்படுவா.”

“நீ போவலன்னாகூட...”

“த, அன்பு. நீ கேக்கறதுக்கு முன்னாலியே நான் வந்திருக்கணும். புதன்கெழமையே வந்திருக்கணும். ரெண்டு நாளு பயந்துகினு கடையில குந்திகினு இருந்தேன். அதுக்கே அவன் மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னு தெரியல. நீ வேற.”

அவள் நின்றுவிட்டாள். அவர் திரும்பிப் பார்த்ததும் மறுபடி நடந்தாள்.

*

இன்ஸ்பெக்டர் சுகிர்தத்துக்கு ஐம்பது வயது இருக்கும். மேஜை மேல் அடுக்கு அடுக்காக ஃபைல், ஒரு லேப்டாப், மூடி போட்ட தண்ணீர் டம்ளர். எழுந்து நிற்கவில்லையே தவிர, மரியாதையில் குறை இல்லை.

“வாங்க மஜீது. உக்காருங்க. நீயும் உக்காரும்மா.”

பெயரை அன்புக்கரசி முன்பே சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். நோட்டை எடுத்து வைத்தார். துணி, நூல், அரக்கு. “நீங்களே பிரிங்க மேடம். நான் பிரிச்சா, பின்னால எழுதிச் சேத்தேன்னு ஆயிடும்.”

சுகிர்தம் புருவத்தை உயர்த்தினார். அரக்கை உடைத்தார்.

மஜீதுக்குத் தெம்பு வந்தது. இத்தனை நாளில் இந்த விஷயத்தைக் காதுகொடுத்துக் கேட்ட முதல் ஆள் இந்த அம்மா. பந்தயம் என்ன, விதி என்ன, கொடி எதற்கு, எல்லாம் சொன்னார். பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.

“இந்த ‘பு’ன்னா என்ன?”

“புள்ளி மேடம். பறவ அவ்ளோ உசரத்துல புள்ளியா தெரிஞ்சா ‘பு’.”

“‘ம’?”

“மறைவு. மேகத்துல போயிடுச்சு. ‘வ.கி.’ன்னா வடகிழக்கு.”

“இந்த எழுத்துக்கெல்லாம் இன்ன அர்த்தம்னு எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?”

“எதுக்கு மேடம்? எங்க ஆளுங்களுக்குத் தெரியும்.”

“உங்க ஆளுங்க,” என்றார் சுகிர்தம். ஒரு தாளில் எழுதிக்கொண்டார். “பத்து நாப்பத்திரண்டு, வ.கி., வெள்ளை உருண்டை. அதுக்கப்புறம் கால் மணிக்கு ஒரு தடவை அது எங்க இருக்குன்னு குறிச்சிருக்கீங்க. ஒண்ணு அம்பது வரைக்கும். எண்ணிப் பார்த்தேன், பதிமூணு தடவை. அதே நேரத்துல புறாவை எத்தனை தடவை குறிச்சிருக்கீங்க?”

மஜீது குனிந்து எண்ணினார். “ஒம்போது.”

“புறாவை விட அதைத்தான் நல்லா பாத்திருக்கீங்க.”

“பறவ சுத்தற பக்கமே அது நின்னுச்சு மேடம். மெரண்டு எறங்கிட்டா ஜெயவேலு ஆட்சேபம் பண்ணுவான். அதனால நான் சரியா...”

“ரொம்பச் சரியா இருக்கு. அதான் சொல்றேன். என்ன தொழில் பண்றீங்க?”

“தார்ப்பாய் தைக்கிறேன். டிரெய்லர் லாரிக்கு.”

பேனா நின்றது. “பெரிய பெரிய துணி. காத்து புகாம ஒட்டுவீங்க.”

“தண்ணி புகாம மேடம்.”

“பாஸ்போர்ட் இருக்கா?”

“கீது. உம்ராவுக்கு மக்கா போயி வந்தோம், நானும் வூட்டுக்காரியும்.”

“எந்த வருஷம்?”

சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார். மேலே மின்விசிறி ஒரு பக்கமாக இழுத்துச் சுற்றியது. கேள்விகள் ஜெயவேலை விட்டு எங்கேயோ போய்க்கொண்டிருப்பது மஜீதுக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஒவ்வொரு பக்கத்துலயும் உங்க கையெழுத்துதான்னு கீழ ஒரு கையெழுத்துப் போட்டுருங்க.”

போட்டார். பதினாறு பக்கம். எழுதியது உண்மை. அதில் பயப்பட என்ன இருக்கிறது? நோட்டை மூடி நகர்த்தினார்.

“மேடம், அவ்ளோதானே? ஜெயவேல வுட்றுவீங்க இல்ல?”

சுகிர்தம் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டினார். “நான் படிக்கிறேன். கேளுங்க. ‘எனக்குப் பலூன் பற்றி ஒன்றும் தெரியாது. அன்று என் வீட்டு மாடிக்கு மஜீது வந்திருந்தார். காலையிலிருந்து மாலைவரை வானத்தைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தது அவர்தான். கொடி ஆட்டச் சொன்னதும் அவர்தான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவரிடம் அந்த நோட்டு இருக்கிறது.’ கீழ கையெழுத்து, ஜெயவேல்.”

மஜீது சிரித்தார். சிரிப்பு தானாக வந்தது.

“மேடம், இது ஜெயவேலு சொன்னதில்ல. நீங்க எழுதி வாங்கினது. அடிச்சிருப்பீங்க.”

“யாரும் தொடல. வேணும்னா நீங்களே அவர்கிட்ட கேட்டுப் பாருங்க. உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்தோம். வேற யார் இருந்தாங்கன்னு ஒரே ஒரு கேள்வி. முக்கால் மணி நேரத்துல எழுதிக் குடுத்துட்டார்.” சுகிர்தம் கண்ணாடியைக் கழற்றினார். குரலில் கொஞ்சம் களைப்பு இருந்தது. “நீங்க சொல்ற புறாக் கதையை நான் நம்பறேனா இல்லையாங்கறது இப்ப முக்கியமில்ல மஜீது. மேல ஒரு பேர் கேக்கறாங்க. இனிமே நீங்க பேச வேண்டியது என்கிட்ட இல்ல. வெளிய வண்டி நிக்குது.”

“எங்கியும் வரமாட்டேன்.” மஜீது எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. வாசல் கான்ஸ்டபிள் இரண்டடி உள்ளே வந்தார். “மொதல்ல அவன இட்டாங்க. எங்க வெச்சிருக்கீங்க? லாக்கப்லயா? என் மூஞ்சியப் பாத்து இத ஒரு தபா சொல்லட்டும். கொடி ஆட்டச் சொன்னது நான்தான்னு அவன் வாயால சொல்லட்டும். நானே வண்டில போயி ஏறிக்கிறேன். ஜெயவேலு! டேய் ஜெயவேலு!”

உள்ளேயிருந்து யாரும் குரல் கொடுக்கவில்லை. சுகிர்தம் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.

மஜீதும் பார்த்தார். அன்புக்கரசி முந்தானையை வாயில் வைத்து அழுத்தியிருந்தாள். தரையைப் பார்த்தே பேசினாள்.

“கத்தாதண்ணே. அவுரு இங்க இல்ல. நேத்து சாயங்காலமே வூட்டுக்கு வந்துட்டாரு. நோட்டோட உன்ன இட்டாரச் சொல்லி, காலைல என்ன அனுப்பிச்சதே அவுருதான்.”